மெல்லப் போன குண்டு

நாலுவழிச் சாலை மலைக்கு வழிவிட்டு ஒதுங்கி வளைகிற இடத்தில், லாரிகளும் பஸ்களும் வேகம் குறைக்காமல் திரும்புகிறபோதெல்லாம், அவற்றின் சக்கரங்களிலிருந்து ஈயத்துண்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சக்கரம் ஆட்டமில்லாமல் ஓடுவதற்காக விளிம்பில் அடித்து மாட்டுகிற, விரல் அகலமே உள்ள அந்தத் துண்டை டயர் கடைக்காரர்கள் வெயிட் என்பார்கள். ஈச்சம்பள்ளத்து ஜனங்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. அதைக் குனிந்து பொறுக்குகிற ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கு அது ஈயம், அவ்வளவுதான்.

அவள் பெயர் தீர்த்தம்மாள். புருஷன் பெரியண்ணன் செத்தபிறகு அவன் விட்டுப்போன மக்காச்சோளக் காடும், பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் அவள் பேருக்கு மாறின. துப்பாக்கிக்குக் குண்டு வேண்டும், குண்டுக்கு ஈயம் வேண்டும். ஆகவே வெயில் ஏறுமுன் சிமெண்டுப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகள் எதிரே வரும்படி சாலையோரமாக நடந்துபோய், ஜல்லிக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். கல்லில் போட்டால் ணங்கென்பது இரும்பு, தொப்பென்பது ஈயம். நகத்தால் கீறினால் வெள்ளிக்கோடு விழுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடுவாள். தகரத்தில் பரப்பி ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் காயவைத்து, வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் காற்று பார்த்து அடுப்பு மூட்டி, பழைய இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவாள். துண்டுகளில் இருந்த இரும்புக் கிளிப்புகளெல்லாம் மேலே மிதந்து வரும், கரண்டியால் அள்ளி எறிவாள். மெழுகுவத்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கி, சாம்பல் நிற ஆடையை ஒதுக்கினால், அடியில் வானத்தையே ஊற்றி வைத்தாற்போல ஈயம் தளதளக்கும். எத்தனையோ தரம் பார்த்திருந்தும் அந்த நேரத்தில் கரண்டியை நிறுத்தி ஒரு கணம் அதைப் பார்க்கத்தான் செய்வாள். அப்புறம் அச்சில் ஊற்றி, அச்சைத் திறந்து தட்டினால், மடித்துப் போட்ட பழஞ்சேலையின்மேல் களாக்காய் அளவில் குண்டுகள் உருண்டு விழும். அவள் எந்தப் பன்றியையும் கொன்றதில்லை. சத்தத்துக்குத்தான் சுடுவாள்.

வளைவில் டயர் கடை வைத்திருந்தவன் முனிரத்தினம். தீர்த்தம்மாள் அவனுக்கு அக்கா முறை. கழற்றிப்போட்ட பழைய வெயிட்டுகளை ஒரு பெயிண்ட் டப்பாவில் சேர்த்து வைத்து அக்காவுக்குக் கொடுப்பான், அவள் மக்காச்சோளக் கதிர் கொண்டுவந்து கொடுப்பாள். இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் காய்கறி வேன் வளைவில் கவிழ்ந்து அதன் டிரைவர் பையன் அந்த இடத்திலேயே செத்துப்போகிற வரைக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வேனுக்குச் சக்கரம் மாட்டியவன் முனிரத்தினம். நட்டை ஒழுங்காக முறுக்கினாயா என்று யாரோ டீக்கடையில் சும்மா கேட்டு வைத்தார்கள். பயத்தில் அவன் வாயில் வந்தது தீர்த்தம்மாளின் பெயர். நின்ற வண்டிகளிலிருந்து அவள் வெயிட்டைத் திருகிக்கொண்டு போகிறாள், அதனால்தான் சக்கரம் ஆடியிருக்கிறது என்றான். முதல்தரம் தப்பித்துக்கொள்ளச் சொன்னான். ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்டதால் இரண்டாம் தரம் விவரத்தோடு சொன்னான். ஒரு வாரத்துக்குள் அது ஊருக்கே தெரிந்த நிஜமாகிவிட்டது. செத்த பையனின் தாய் பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்து, தீர்த்தம்மாளின் வாசலில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவள் வீட்டின்மேல் தூற்றிவிட்டுப் போனாள்.

தீர்த்தம்மாள் அந்த மண்ணைப் பெருக்கவில்லை. மறுநாள் காலை, பங்குனி வெயில் அப்போதுதான் சுள்ளென்று ஆரம்பிக்கிற நேரத்தில், துப்பாக்கியை இடுக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். காட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் முனிரத்தினம் கிளாசைக் கையில் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் நின்றாள், தூக்கினாள், அவன் மார்பைக் குறிபார்த்துச் சுட்டாள்.

சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. புளியமரத்துக் கொக்குகள் மொத்தமாக எழும்பின. மருந்துப் புகை கலைந்தபோது முனிரத்தினம் நின்றபடியே இருந்தான், கையில் கிளாஸ்கூட உடையவில்லை. அவனுக்கும் அவளுக்கும் பாதி வழியில், மார்பு உயரத்தில், குண்டு காற்றில் இருந்தது.

விழுந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது விழவில்லை. டீக்கடைக்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, நிற்கவில்லை, நகர்கிறது என்றார். மதியத்துக்குள் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. பெஞ்சின் நிழலை வைத்துக் கணக்குப் பார்த்தால், நத்தைகூட அதை முந்திப் போய்விடும்போல, ஆனால் நிற்காமல், அது முனிரத்தினத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் தள்ளி நின்றால் அதுவும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பியது. அவன் வீட்டுக்குப் போனான். அது வீட்டுப் பக்கம் திரும்பியது.

ஊர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள், இடுக்கிதான் வளைந்தது. கயிறு கட்டி டிராக்டரில் பூட்டினார்கள், கயிறு அறுந்தது. அண்டாவைக் கவிழ்த்தார்கள், இரண்டு நாளில் அண்டாவின் பக்கவாட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. கருங்கல் பலகையைக் குறுக்கே நட்டார்கள், கல்லுக்குள் நுழைந்தது. அது உள்ளே இருந்த அத்தனை நாளும் ஜனங்கள் கல்லில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஏதோ அரைபடுகிற சத்தம் என்றார்கள், பூனை உறுமுகிற மாதிரி என்றார்கள், ஒன்றுமே கேட்கவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். பிறகு மறுபக்கம் அதன் மூக்கு தெரிந்தது. கல் தூள்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

போலீசிலிருந்து எஸ்.ஐ. வந்தார். நான்தான் சுட்டேன் என்று தீர்த்தம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். காயம் எங்கே என்று அவர் கேட்டார். குண்டைச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்தார், சூடாக இருக்கிறது என்று விரலை உதறினார். இன்னும் போய்ச் சேராத குண்டுக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று அவருக்கு விளங்கவில்லை. துப்பாக்கியை மட்டும் ஜீப்பில் போட்டுக்கொண்டு, சேர்ந்தால் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருக்கிப் பார்க்கலாம் என்றது தீர்த்தம்மாள்தான். அடுப்பையும் துருத்தியையும் தலையில் சுமந்துகொண்டு வந்து, குண்டுக்கு அடியில் கல்கூட்டி, அது நகர நகர அடுப்பையும் நகர்த்திக்கொண்டு தீ வளர்த்தாள். ஊரே சுற்றி நின்றது. குண்டு முதலில் மங்கியது, பிறகு வேர்த்தாற்போல் பளபளத்தது, பிறகு ஒரு கணத்தில் நெகிழ்ந்து, கீழே சொட்டாமல், தாமரை இலைத் தண்ணீரைப்போலத் தானே உருண்டு திரண்டு, காற்றில் நடுங்குகிற வெள்ளித் துளியாக நின்றது. அதில் மலையும், புளியமரமும், சுற்றி நின்ற அத்தனை முகங்களும், இடுப்புக் குழந்தையின் முகம்வரை, கடுகளவில் தெரிந்தன. குழந்தைகள்கூட அழவில்லை. சிலர் தங்களை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். முனிரத்தினமும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்து, தன் முகம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தான். பார்த்தபடியே, அக்கா எந்த வண்டியிலிருந்தும் வெயிட்டைக் கழற்றியதில்லை, நட்டை முறுக்காமல் விட்டது நான்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். துளி நிற்கவில்லை. அவன் ஓரடி பின்னால் போனான். தீ அணைந்ததும் அது ஆறி, முன்னைவிட உருண்டையாக, முன்னைப்போலவே போய்க்கொண்டிருந்தது.

அவன் சொன்னதைக் கேட்டு தீர்த்தம்மாளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மண் தூற்றிய தாயின் வீட்டுக்கு முனிரத்தினம் அன்றே போய் அதையே சொல்லிவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் கையால் பொறுக்கி, தன் கையால் உருக்கி, தன் கையால் அனுப்பிய ஒன்று ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் திருப்பிக் கூப்பிடத் தனக்கு வழி தெரியவில்லை என்பதுதான்.

முனிரத்தினம் பெங்களூருக்கு ஓடினான். ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். குண்டு வடமேற்காகத் திரும்பி, ஊர் எல்லையைத் தாண்டப் போனபோது பஞ்சாயத்து கூடியது. அடுத்த ஊர்க்காரன் வீட்டில் எந்தத் தொட்டில் எந்த இடத்தில் தொங்குகிறதோ யாருக்குத் தெரியும், நம் ஊர்க் குண்டு நம் ஊரிலேயே இருக்கட்டும் என்று பேசி, ஆள் அனுப்பி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவனும் மறுக்காமல் வந்தான். எங்கே இருந்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும் என்று தெரிந்தபிறகு, அங்கே ராத்திரி முழுக்கத் தனியாக விழித்திருந்ததற்கு இது தேவலை என்று பெண்சாதி கம்சலாவிடம் சொன்னானாம்.

இப்படியாக ஈச்சம்பள்ளம் குண்டோடு வாழப் பழகியது. முனிரத்தினம் ஒரே வீட்டில் மூன்று நாலு நாளுக்குமேல் படுக்க முடியாது. ஆகவே ஊரின் ஒரு கோடியில் உள்ளவர்கள் சிலநாள், மறுகோடியில் உள்ளவர்கள் சிலநாள் என்று முறைவைத்து அவனைத் தங்கவைத்தார்கள். ஊரில் அவன் சாப்பிடாத வீடு இல்லை என்று ஆனது. கல்யாணத் தேதி குறிக்கிறவர்கள் குண்டு அப்போது எந்தத் தெருவில் இருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் பந்தல் போட்டார்கள். மாரியம்மன் திருவிழாவில் அது தேர்ப்பாதையில் வந்துவிட, அம்மனே ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து வழிவிட்டாள். அன்றைக்குப் பூசாரிக்குக் குழப்பம் வந்தது. கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்து, மஞ்சள் மட்டும் பூசினார். வெயிலில் மஞ்சள் உதிர்ந்துவிட்டது. சாமியாக இருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கும் என்றார்கள் சிலர். சாமியாக இல்லாவிட்டால் அந்தரத்தில் எப்படி நிற்கும் என்றார்கள் மற்றவர்கள். எதிரில் வந்தவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதில் குண்டு எங்கே வருது என்று கேட்டுக்கொண்டார்கள்.

கதவுகளிலும் சுவர்களிலும் வேப்பமரத்து அடிமரத்திலும் மார்பு உயரத்தில் வட்ட ஓட்டைகள் விழுந்தன. சிலர் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். சிலர் கயிறு கோத்துத் துணி காயப்போட்டார்கள். ஒன்றிரண்டில் குளவி கூடு கட்டியது. காற்றடிக்கிற ஆடியில் தெரு முழுக்க அந்த ஓட்டைகள் மெல்லச் சீட்டியடிக்கும், மாடுகள் காதை நிமிர்த்திக் கேட்கும்.

தீர்த்தம்மாள் சாலை வளைவுக்குப் போவதை விட்டுவிட்டாள். விடிந்ததும் குண்டு இருக்கிற இடத்துக்குப் போய், அதற்கு முன்னால் நடப்பதே அவள் வேலையாயிற்று. அது போகிற வழியில் கட்டியிருக்கிற கன்றுக்குட்டியை அவிழ்த்து மாற்றிக் கட்டுவாள். தூளியைக் கழற்றி அடுத்த அறையில் தொங்கவிடச் சொல்வாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் கட்டிலைத் தானே ஒரு பக்கம் பிடித்து நகர்த்துவாள். எந்த வீட்டிலும் அவளை யாரும் வராதே என்று சொன்னதில்லை. முதலில் குண்டு இருக்கிற இடத்தை யார் மூலமாவது முனிரத்தினத்துக்குச் சொல்லியனுப்பினாள். பிறகு ஒருநாள் சொல்லியனுப்ப ஆள் அகப்படாமல், அவளே அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் போய் நின்று, பால் சொசைட்டிச் சுவரைத் தாண்டிவிட்டது, நாளைக்கு மேலத்தெருவுக்குப் போய்விடு என்றாள். அவன் சரிக்கா என்றான். அதற்குப்பின் ஏழெட்டு வருஷம் அவர்களுக்குள் தினமும் பேச்சு இருந்தது. அது பெரும்பாலும் இவ்வளவுதான்.

முனிரத்தினத்தின் மகள் இந்துமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஐப்பசியில், மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தரைப்பாலத்தின்மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போயிற்று. குறித்த நாளுக்கு முன்பே அவளுக்கு வலி கண்டுவிட, ஆம்புலன்சு அக்கரையில் நின்றது, சுகாதார நர்சு மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தாள். முனிரத்தினத்துக்கு மகளை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. தன் வீட்டு முன்வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். குண்டு வீட்டின் பின்பக்கம் இருந்தது. அதற்கும் அவனுக்கும் நடுவில்தான் இந்துமதி படுத்திருந்த அறை.

தீர்த்தம்மாள் நனைந்துகொண்டே முன்வாசலுக்கு வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் அது சுவரைத் தொட்டுவிடும், அறையின் குறுக்கேதான் போகும் என்றாள். நர்சிடம் கேட்டார்கள். இப்போது அவளை அசைக்கவே கூடாது என்றுவிட்டாள் நர்சு. முனிரத்தினம் எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், குண்டுக்கும் சுவருக்கும் நடுவே நின்றான். அதை உருக்கிய நாளுக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் அவன் அதை விட்டதில்லை. மழைத்துளிகள் அதன்மேல் பட்டு ஆவியாகிக்கொண்டிருந்தன. அவன் பக்கவாட்டில் ஓரடி வைத்தான். குண்டு அவன் பக்கம் திரும்பியது. அது நெருங்கும்வரை காத்திருந்து, இன்னும் ஓரடி வைத்தான். மிரண்ட கன்றைக் கூட்டிக்கொண்டு போவதுபோல, முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்து நடந்து, அதை வீட்டைவிட்டு விலக்கி, வாய்க்கால் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் சேற்றில் சறுக்காமலிருக்க, தீர்த்தம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில் வீட்டுக்குள் குழந்தை அழுதது. நல்ல கனத்த அழுகை. கம்சலா வாசலில் வந்து பெண் குழந்தை என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். முனிரத்தினம் நின்றுவிட்டான்.

"நடப்பா," என்றாள் தீர்த்தம்மாள்.

"போதும்கா. கால் ஓஞ்சு போச்சு. குழந்தை சத்தத்தக் கேட்டுட்டேன், இல்ல? இங்கயே நின்னுக்கறேன்."

அவள் தோளை இழுத்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கோபமோ அழுகையோ அவன் முகத்தில் இல்லை, நெடுந்தூரம் பஸ்சில் வந்தவன் இறங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல நின்றான். அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்லை வைத்துப் பார்த்திருந்தார்கள், இரும்பை வைத்துப் பார்த்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். வலது கையை விரித்து, உள்ளங்கையைக் குண்டுக்கு எதிரே வைத்தாள்.

"கைய எடுங்கக்கா."

"என் கையிலருந்துதான போச்சு. என் கைக்கே வரட்டும்."

குண்டு உள்ளங்கையைத் தொட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முனிரத்தினம் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து மேட்டைச் சுற்றி நின்றார்கள். பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரத்தம் வந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை. கடைசியில் தோல் அதன்மேல் மூடிக்கொண்டது. மறுபக்கம் அது வெளியே வரும் என்று எல்லோரும் புறங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை.

அன்று ராத்திரிதான், பல வருஷத்துக்குப் பிறகு, முனிரத்தினம் தன் வீட்டில் தன் பாயில் விடியும்வரை தூங்கினான்.

கை ஆறியது. சோறு பிசைய முடிந்தது, களை பிடுங்க முடிந்தது. ஆனால் குண்டு நின்றுவிடவில்லை என்பது தீர்த்தம்மாளுக்கு மட்டும் தெரிந்தது. மடியில் கையைச் சும்மா வைத்தால், அது தானாக மெல்லத் திரும்பி, முனிரத்தினம் இருக்கிற பக்கமாக உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவன் கடையில் இருந்தால் சாலைப் பக்கம், காட்டில் இருந்தால் மலைப் பக்கம். மெல்ல ஒரு இழுப்பு இருக்கும், தூக்கத்தில் குழந்தை விரலைப் பிடித்து இழுப்பதைப்போல. கம்சலா அவனைத் தேடினால் தீர்த்தம்மாளிடம் வந்து கேட்பாள். இவள் கையைத் தளரவிட்டுப் பார்த்துவிட்டு, கோயில் பக்கம் இருக்கிறான் என்பாள். ஊருக்கு அதுவும் பழகிப்போயிற்று.

இந்துமதியின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு, முனிரத்தினம் பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்டான். கம்சலா அங்கே இங்கே என்று போய்வந்துகொண்டிருந்தாள். தீர்த்தம்மாளின் கை இரவும் பகலும் வடமேற்கைக் காட்டியபடி இருந்தது. அந்தப் பக்கமாகவே திரும்பிப் படுக்க அவள் பழகிக்கொண்டாள். வயது ஏற ஏற அந்த இழுப்பு அவளுக்கு ஒரு துணையாக இருந்தது.

ஒரு தை மாதத்து முற்பகலில், அவள் வாசலில் அவரை உரித்துக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த இழுப்பு சட்டென்று கனத்தது. பிறகு கை நகர ஆரம்பித்தது. வடமேற்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடக்குக்கு வந்தது. அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறான். ஆனால் அவன் தானாக வருகிறபோது அந்த இழுப்பு எப்போதும் இலேசாகத்தான் இருக்கும். இப்போது தோள்வரை கனத்தது. முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கம்சலாவின் வீட்டுக்கு நடந்தாள். கம்சலா அடுப்படியில் இருந்தாள். தீர்த்தம்மாள் வாசற்படியில் நின்று, அடுப்பை அணைத்துவிட்டு வா என்று மட்டும் சொன்னாள். கம்சலா அவள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறந்தான் மகளிடமிருந்து போன் வந்தது.

சாயங்காலம் வண்டி வந்து சேர்ந்தது. ஈச்சம்பள்ளத்தில் பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தெருமுனையில் மற்றப் பெண்கள் நின்றுவிட்டபோது தீர்த்தம்மாள் நிற்கவில்லை. ஒருவர்கூடத் தடுக்கவில்லை. பறைக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள்.

குழிக்குள் இறக்கினார்கள். ஒவ்வொருவராக மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவள் முறை வந்தபோது குழியின் விளிம்பில் முட்டிபோட்டுக் குனிந்து, வலது கையை நீட்டினாள். உள்ளங்கை கீழ்நோக்கித் தானே கவிழ்ந்தது. தோல் வலிக்காமல் விரிந்தது. களாக்காய் அளவில், சூடு மாறாமல், பழைய பளபளப்போடு குண்டு வெளியே வந்து, அவசரமே இல்லாமல் குழிக்குள் இறங்கத் தொடங்கியது.

மண்வெட்டி பிடித்திருந்தவன் பதறி, அதைத் தடுக்க மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"வேண்டாம்பா," என்றாள் தீர்த்தம்மாள். "இனி ஒண்ணும் ஆகாது. போகட்டும் விடு."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். இருட்டிவிடும், மண் தள்ளவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெட்ரோமாக்ஸ் ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள், அதன் வெளிச்சத்தில் குண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அது முனிரத்தினத்தின் மார்பில், போர்த்திய வேட்டிமேல் போட்டிருந்த சாமந்தி மாலைக்கு நடுவே, ஒரு பூவைக்கூடக் கலைக்காமல் உட்கார்ந்தது, நின்றது.

அதற்கப்புறம்தான் மண்ணைத் தள்ளினார்கள்.